நைனாவின் காரியப் பத்திரிகைக்கு என்ன எழுதுவது?

கொசப்பேட்டை_பையன் | செவ்வாய், இரவு 10:20

எங்கள் நைனா போன வியாழக்கிழமை விடியற்காலையில் காலமாகிவிட்டார். வயது 76. தூக்கத்திலேயே போய்விட்டார். 16ஆம் நாள் காரியம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பாலாற்றங்கரையில்.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனேன். டிடிபி சென்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரில் ரெடிமேடாக ஒரு வாசகம் காட்டினான். ‘அன்பும் பண்பும் பாசமும் நிறைந்த எங்கள் குடும்பத் தலைவர்’ என்று ஆரம்பிக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையைவிட்டு வெளியே வந்ததும் அழுகை. இந்த வேலூரில் 30 வருஷத்துக்கு மேல் அதே வாசகத்தை ஈய எழுத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர் அவர்.

லாங்கு பஜார் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த அச்சாபீஸ் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நைனா அங்கே கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் எல்லாம் அச்சடித்து முடிந்ததும் எழுத்தைக் கலைத்து அந்தந்தக் குழியில் திரும்பப் போட்டுவிடுவார். ‘இறைவனடி சேர்ந்தார்’ மேட்டரை மட்டும் கலைக்கவே மாட்டார். நூல் சுற்றிக் கட்டி, ஒரு தட்டில் ஓரமாக வைத்திருப்பார். சாவுச் சேதியோடு யாராவது வந்தால் பெயரும் தேதியும் மாற்றினால் போதும், ஒரு மணி நேரத்தில் டிரெடில் அச்சு மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். “செத்த வீட்டுக்காரனை உக்கார வெச்சி அழகான தமிழ் தேடக் கூடாதுடா” என்பார்.

இப்போது நான் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் ஏதாவது எழுதுங்கள். புகழ்ச்சி வேண்டாம். நடந்ததை எழுதினால் போதும்.

பாகாயம்_பஸ் | செவ்வாய், இரவு 10:41

ஆழ்ந்த இரங்கல் தம்பி.

லாங்குபஜார்வாசி | செவ்வாய், இரவு 11:05

பிரஸ்காரரா? கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, சைக்கிள் பாரில் ஒரு பழைய நோட்டைச் சொருகிக்கொண்டு போவாரே, அவரா?

எங்கள் மளிகைக் கடை பில் புக் அவர் கையால் வந்ததுதான். 1989ல் மாவட்டத்தைப் பிரித்தபோது ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று போட்ட லெட்டர்பேடு, பில் புக், ரப்பர் ஸ்டாம்பு எல்லாவற்றையும் ஊரே மாற்ற வேண்டியிருந்தது. ‘வட ஆற்காடு அம்பேத்கர்’ என்று அடித்துக் கட்டு கட்டாக வாங்கி வைத்தோம். தொண்ணூறுகளின் பின்பாதியில் அதையும் ‘வேலூர் மாவட்டம்’ ஆக்கிவிட்டார்கள். எல்லா பிரஸ்காரர்களுக்கும் கொண்டாட்டம், இவர் மட்டும் எங்கள் அப்பாவிடம் வந்து, “பழைய பில் புக் தீர்ற வரைக்கும் அடிக்காதீங்க. எவனும் மாவட்டத்தைப் பார்த்து அரிசி வாங்கறதில்லை” என்றார். வேலையை வேண்டாம் என்று சொன்ன ஒரே வியாபாரி என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டு என்ன நோட்டு? சின்ன வயதில் கடன் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

கஸ்பா786 | புதன், காலை 6:50

இன்னாலில்லாஹி. எங்கள் வீட்டில் நான்கு நிக்காஹ் பத்திரிகை அவர் அடித்தது. அவரிடம் மூன்று பிளாக் ஒரு சின்ன மரப்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: பிள்ளையார், 786, சிலுவை. பிள்ளையாருக்கு ஒரு பக்கம் தேய்ந்து தும்பிக்கையே தெரியாது. “உங்களுது ஸ்ட்ராங்கா இருக்கு பாய், நம்ம ஆளைத்தான் மாத்தணும்” என்று என் அப்பாவிடம் சொல்வார்.

லாங்குபஜார் அண்ணே, அது கடன் நோட்டு இல்லை. ரத்த நோட்டு. எங்கள் சின்னப்பா அதில் 14ஆம் பக்கம்.

கொசப்பேட்டை_பையன் | புதன், காலை 7:30

பாய், பக்க நம்பர் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே. நோட்டு இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. 14ஆம் பக்கத்தில் உங்கள் சின்னப்பா இருக்கிறார்: “பி நெகடிவ். கஸ்பா. ராத்திரி போனால் கதவைத் தட்டாமல் ஜன்னலில் கூப்பிட வேண்டும், அம்மாவுக்கு நெஞ்சு வலி.”

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செல்போன் இல்லாத காலம். வங்காளம், ஒரிசா, பீகார் என்று எங்கெங்கோ இருந்து சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு இந்த ஊரில் ஒரு ஆளைத் தெரியாது, பாஷையும் தெரியாது. ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்பட்டால், அதுவும் நெகடிவ் வகை என்றால் எங்கே போவார்கள்? லாட்ஜ்காரர் யாராவது அச்சாபீஸுக்கு அனுப்புவார். நைனா நோட்டைப் பார்ப்பார், சைக்கிளை எடுப்பார். அவ்வளவுதான் சேவை. சங்கம் இல்லை, பேட்ஜ் இல்லை. ஒரு முறை யாரோ சால்வை போட வந்தபோது, மெஷினில் மை போட்டுக்கொண்டிருந்தேன் என்று கையைக் காட்டித் தப்பித்துவிட்டார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வகை, தெரு, எப்போது கூப்பிடலாம், கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தார். ஒருவர் கொடுத்தால் மூன்று மாதம் அவர் பக்கத்தில் ஒரு குண்டூசி குத்தியிருக்கும். துருப்பிடித்த குண்டூசி ஒன்று இன்னும் 31ஆம் பக்கத்தில் இருக்கிறது. அவரை எடுத்துவிடலாமா என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

எழுத்துக்கூட்டி | புதன், காலை 9:12

இரங்கல்கள். ஒரு சின்னச் சந்தேகம். 30 வருஷம் என்கிறீர்கள், அப்படியானால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தைக் கடந்து வந்தவர். பழைய துதிக்கை வைத்த ‘லை’, ‘ளை’, ‘ணை’, ‘னை’, அப்புறம் ‘ணா’, ‘றா’, ‘னா’ வரிசை எல்லாம் சேர்த்து 13 எழுத்து மாறியது. பெரியார் 1935லேயே ‘குடி அரசு’ இதழில் அந்த வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டாலும் அரசாணை வர 1978 ஆயிற்று. ஒரு கம்பாசிட்டர் கை அதற்கு எப்படிப் பழகியது என்று அவர் ஏதாவது சொன்னதுண்டா?

பாகாயம்_பஸ் | புதன், காலை 9:20

இப்பத்தான் இதைக் கேட்கணுமா?

கொசப்பேட்டை_பையன் | புதன், பகல் 1:15

பரவாயில்லை, கேட்கட்டும். நைனா இருந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதற்குத்தான் பதில் சொல்லியிருப்பார்.

கை பழக ஆறு மாதம் ஆனது என்பார். கோக்கும்போது எழுத்தை யாரும் பார்ப்பதில்லை, கை தானாகக் குழிக்குப் போகும். லை வந்தால் அந்த மூலைக்குப் போய்க்கொண்டே இருக்குமாம், அங்கே ஒன்றும் இருக்காதாம். பழைய எழுத்தை எல்லாம் எடை போட்டுக் காய்ச்ச அனுப்பினார்கள். துதிக்கை ‘லை’ ஒன்றை மட்டும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மாவின் பெயர் லையில் முடியும். பூஜை மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இன்னும் அது நிற்கிறது, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்ட எழுத்தாக.

பழைய_சாமான் | புதன், பகல் 2:02

ஈய எழுத்து செட்டாக இருந்தால் சொல்லுங்கள், நல்ல விலை தரலாம்.

மட்டுறுத்துநர் | புதன், பகல் 2:10

மேலே உள்ளவருக்கு: இது விற்பனைப் பகுதி இல்லை.

ஆய்வக_அக்கா | புதன், இரவு 9:35

நான் ரத்த வங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பிரஸ்காரரை நன்றாகத் தெரியும். ராத்திரி பதினொன்றரைக்குத் தூக்கக் கலக்கத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். வந்தவர்கள் படுத்துக் கொடுத்து முடிக்கிற வரைக்கும் வாசலில் இருப்பார், முடிந்ததும் ஆளுக்கொரு டீயும் பன்னும் அவர் செலவில். அந்தப் பன் பேப்பர்மேல் மை ரேகை இருக்கும்.

அவர்மேல் எனக்கிருந்த மரியாதைக்கு வேறு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ரத்தம் விற்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். காசுக்காக மாதத்துக்கு இரண்டு தடவை வந்து நிற்பார்கள், உடம்பில் ரத்தமே இருக்காது. சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு 1996ல் வந்தது, 1998 ஜனவரியிலிருந்து காசுக்கு ரத்தம் கொடுப்பது முழுதாக நின்றது. அதற்கு முன்பே இவர் ஒரு தரகனை அச்சாபீஸ் வாசலிலிருந்து விரட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கையில் இருந்தது மை உருளை. அவன் வெள்ளைச் சட்டை என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

தம்பி, நோட்டின் முதல் பக்கம் எந்த வருஷம் என்று பார்த்தீர்களா?

கொசப்பேட்டை_பையன் | புதன், இரவு 11:48

பார்த்தேன் அக்கா. 1979.

எழுதலாமா என்று அம்மாவைக் கேட்டேன். “எழுது, யாருக்காவது பிரயோஜனப்படட்டும்” என்றார்.

அம்மா ஏ நெகடிவ். நைனா பாசிட்டிவ். நான் முதல் பிள்ளை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அடுத்தது ஒரு தம்பி, பிறந்து இரண்டாம் நாள் மஞ்சளாகி, மூன்றாம் நாள் போய்விட்டான். ஏன் என்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை. திருஷ்டி என்றார்கள், ஆயா விரிஞ்சிபுரத்துக்கு வேண்டிக்கொண்டாள். கார்த்திகைக் கடைஞாயிறன்று அம்மா அங்கே சிம்மக் குளத்தில் முழுகிவிட்டு, ஈரப் புடவையோடு கோயிலில் படுத்து எழுந்து வந்தார்.

1979ல் தங்கச்சி. அவளும் மஞ்சள். இந்தத் தடவை டாக்டர் உட்காரவைத்து விளக்கினார், ரத்தம் முழுதும் மாற்ற வேண்டும், நெகடிவ் ரத்தம் இரண்டு பேரிடம் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார். நைனாவுக்கு அன்றுவரை தன் ரத்தம் என்ன வகை என்பதே தெரியாது. ஊரில் யாருக்குத்தான் தெரியும்? ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து யோசித்தாராம். யாருக்கு ரத்த வகையை எழுதியே கொடுத்திருப்பார்கள்?

பட்டாளத்துக்காரர்களுக்கு.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரியில் இருக்கிற ஊர், யாராவது லீவில் வந்திருப்பார்கள் என்ற கணக்கு. டீக்கடையில் நின்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். இருட்டுவதற்குள் இரண்டு பேரோடு திரும்பி வந்தார். ஒருவர் கேரியரில், இன்னொருவர் தன் சைக்கிளில்.

முதல் பக்கம், இரண்டாம் பக்கம் அவர்கள் இருவரும். தேதிக்கு நேராக, யாருக்காக என்ற இடத்தில் “நம்ம குழந்தை” என்று இருக்கிறது. மற்ற எல்லாப் பக்கத்திலும் அந்த இடத்தில் வார்டு நம்பர்தான்.

ஆய்வக_அக்கா | வியாழன், காலை 5:55

நினைத்தேன். நெகடிவ் பக்கங்களாகவே அவர் சேர்த்ததற்குக் காரணம் இருக்கும் என்று.

யாருக்காவது பிரயோஜனப்படட்டும் என்று அம்மா சொன்னதால் எழுதுகிறேன். தாய் நெகடிவ், வயிற்றில் இருக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால், முதல் பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை அந்நியம் என்று நினைத்து எதிர்ப்பு உண்டாக்கிக்கொள்ளும். முதல் பிள்ளை தப்பிவிடும். அடுத்த பாசிட்டிவ் பிள்ளையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பு உடைக்கும், மஞ்சள் ஏறும், மிஞ்சினால் மூளைக்குப் போய்விடும். 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான். தொப்புள் வழியாக ஊசியில் கொஞ்சம் எடுப்பதும் கொஞ்சம் ஏற்றுவதுமாக, அதைப்போல இரண்டு மடங்கை உள்ளே விட வேண்டும். இரண்டு பேர் தேவைப்பட்டது அதனால்தான்.

இப்போது இந்த நிலைமைக்கே வர வேண்டாம். நெகடிவ் தாய்க்குக் குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி என்று ஒரு ஊசி. கருக்கலைந்தாலும் போட வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

திருஷ்டியும் இல்லை, சாபமும் இல்லை. அந்த வார்த்தைகளால் எத்தனை பெண்கள் அழுதிருப்பார்கள்.

லாங்குபஜார்வாசி | வியாழன், காலை 8:30

படித்துவிட்டுக் கடையைத் திறக்க மனசு வரவில்லை. தம்பி, பத்திரிகையில் ‘சமூக சேவகர்’ என்று போடுங்கள். அவருக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது?

காட்பாடி_தங்கச்சி | வியாழன், இரவு 10:15

நான்தான் அந்த 1979 குழந்தை. இந்த இழையை அண்ணன் எனக்குச் சொல்லவில்லை, என் பையன் காட்டினான்.

சமூக சேவகர் என்று போட வேண்டாம். போட்டால் நான் காரியத்துக்கு வந்து சண்டை போடுவேன்.

இந்தக் கதையை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். தெரிந்தும் எனக்குக் கோபம் உண்டு. 2002ல் என் கல்யாணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. விடியற்காலை நான்கு மணிக்கு நைனாவைக் காணோம். மண்டப வாசலில் சைக்கிளும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அம்மா சமையல்கட்டில் போய் நின்றுகொண்டார். ஆறே முக்காலுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தார். பட்டு வேட்டி மடிப்பில் சைக்கிள் செயின் கறை. ஒரு வங்காளி அம்மாவின் புருஷனுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். சரி, அந்தக் கடனை என் முகூர்த்தத்தன்றுதான் அடைக்கணுமா? வேறு ஆளே இல்லையா இந்த வேலூரில்? தாரை வார்க்கும்போது அவர் கையில் அழுத்தமாக ஒரு கிள்ளு கிள்ளினேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் சைக்கிளையும் நோட்டையும் எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்த நைனா வேறு. ராத்திரி எட்டு மணிக்கு வருவார். மண்ணெண்ணெய்த் துணியால் விரல் விரலாக மையைத் துடைப்பார், அப்புறம் சீயக்காய் போட்டுக் கழுவுவார். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார், ஆயிரம் பீடி முடிந்தால்தான் கை ஓயும். அதனால் எனக்குத் தலை பின்னுவது நைனாதான். கம்பாசிட்டர் விரல், பார்க்காமலே பின்னும். ஒரு முடி தப்பாது. இரட்டைச் சடை, இரண்டும் ஒரே கனம், ஒரே நீளம். “ரெண்டு பக்கமும் மார்ஜின் சரியா இருக்கணும்” என்பார். ஸ்கூலில் பக்கத்துப் பெண்கள் என் சடையில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்று தள்ளி உட்காருவார்கள். ஆறாம் வகுப்பில் நானே பின்னிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். இந்த ஒரு வாரமாக அந்தச் சீப்புதான் ஞாபகம் வருகிறது.

சித்ரா பௌர்ணமிக்குப் புஷ்பப் பல்லக்குப் பார்க்க ராத்திரி முழுக்க மண்டித் தெருவில் எங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். வலது தோளில் நான், இடது கையில் அண்ணன். அன்றைக்கு மட்டும் நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவார். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் மடியில் அந்த நோட்டு குத்தாது.

கொசப்பேட்டை_பையன் | வியாழன், இரவு 11:30

சொல்லாததற்கு மன்னித்துவிடு. நீ அழுவாய் என்று பயந்தேன்.

கிள்ளின கதை எனக்குத் தெரியாது. ஆனால் கல்யாணத்துக்கு மறுநாள் நைனா புறங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், ஏன் என்று கேட்டதற்கு “புரூப் போட்டுட்டுப் போயிருக்கா” என்றார். இருபது வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் அதற்கு அர்த்தம் தெரிகிறது.

இன்னொன்று. நம் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டே: நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில், அரசனில்லாக் கோட்டை, மரமில்லா மலை. 1981ல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் திரும்பக் கொண்டுவந்த சமயத்தில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனார், “ஒண்ணு அடிச்சாச்சு” என்றார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பேரன்களைக் கூட்டிக்கொண்டு குடையோடு கிளம்பிவிட்டார், முழங்கால் வலி எல்லாம் எங்கே போயிற்றோ. “ரெண்டாவதும் அடிச்சாச்சு. அரசன் வேணாம். மரம் வெச்சா மேட்டர் முடிஞ்சுது” என்றார். ஓட்டேரிப் பக்கம் வேப்பங்கன்று நட்டதும் அந்த வருஷம்தான். ஐந்தில் மூன்று ஆடு தின்றுவிட்டது.

கஸ்பா786 | வெள்ளி, காலை 7:10

மீதி இரண்டு எங்கே இருக்கிறது சொல்லுங்கள், வெயில் காலத்தில் எங்கள் பையன்கள் தண்ணீர் ஊற்றுவார்கள்.

ஆய்வக_அக்கா | வெள்ளி, காலை 7:40

தம்பி, ஒரு வேலையான விஷயம். அந்த நோட்டை அப்படியே யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். 65 வயதுக்கு மேல் ரத்தம் எடுக்க மாட்டார்கள். பழைய பக்கங்களில் பாதிப் பேர் அதைத் தாண்டியிருப்பார்கள், சிலர் இருக்கவே மாட்டார்கள். வீட்டு முகவரி எல்லாம் இருக்கிறது, நெட்டில் படம் எடுத்துப் போடவும் வேண்டாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கொசப்பேட்டை_பையன் | சனி, இரவு 9:05

பத்திரிகை முடிவாகிவிட்டது. தங்கச்சி எழுதியதுதான். ‘அன்பும் பண்பும்’ போயிற்று, ‘சமூக சேவகர்’ போயிற்று. நைனா பெயர், அதன்கீழே ‘அச்சுக் கோப்பவர், கொசப்பேட்டை’, தேதி, இடம், சாப்பாடு 12 மணிக்கு. மேலே தேய்ந்துபோன அந்தப் பிள்ளையார். பிளாக்கைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்தோம். டிடிபி பையன் தும்பிக்கையைச் சரிசெய்து தரட்டுமா என்றான், அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

நோட்டில் இருக்கிறவர்களுக்குச் சேதி சொல்ல இன்று ஆரம்பித்தேன். நம்பர் கிடைத்தவர்கள் ஏழு பேர். இரண்டு பேர் இல்லை. ஒருவர் மகனோடு பெங்களூருவில். 31ஆம் பக்கத்துக் குண்டூசிக்காரர் திருவலத்தில் சௌக்கியமாக இருக்கிறார்.

முதல் பக்கத்துக்காரருடைய நம்பரைக் கம்மவான்பேட்டையில் விசாரித்து வாங்கினேன். சுபேதாராக ரிட்டயர் ஆனவர், வயது 71. “வேலூர் பிரஸ்காரர் வீட்டிலிருந்து பேசுகிறேன்” என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை.

“எந்த வார்டுப்பா? எத்தனை மணிக்கு வரணும்?” என்றார்.

பாகாயம்_பஸ் | சனி, இரவு 9:30

காரியத்துக்கு வருகிறாரா?

கொசப்பேட்டை_பையன் | சனி, இரவு 9:42

வருகிறார். தங்கச்சி கார் அனுப்புகிறேன் என்றாள். வேண்டாமாம், சைக்கிள் இருக்கிறதாம்.